பிரைக்கு ஒரு மாத்திரை

எனக்கு எழுபத்து நாலு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். அதில் நாலு நான் பெற்றது. ஒன்று என் கொழுந்தனாரின் மனைவி பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடியது. அந்த ஒன்று எது என்று எங்கள் ஊர் கௌதள்ளியில் என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். நான் யாரிடமும் சொன்னதில்லை, இதிலும் சொல்லப்போவதில்லை. ஐந்துக்கும் ஒரே சட்டியிலிருந்துதான் சோறு போட்டேன்.

இப்போது மைசூரில், விஜயநகரில், கடைசி மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் வேலைக்குப் போகிறாள். ஒரு பேத்தி, கல்லூரியில் படிக்கிறாள். என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். கையெழுத்துப் போடுவேன். பெரிய எழுத்தாக இருந்தால் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அவளுக்குத் தமிழ் எழுத்து வராது. என் தமிழைக் கன்னட எழுத்தில் பிடித்து வைக்கிறாள். எந்தப் பாத்திரத்தில் பிடித்தால் என்ன, சிந்தாமல் இருந்தால் சரி.

நாளைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு சேதி சொல்லப்போகிறார்கள். என் மகன் இத்தனை மாதமாகச் சாப்பிட்ட மாத்திரைக்குள் உயிருள்ள கிருமி இருந்ததா, வெறும் மாவு இருந்ததா என்று. அந்தச் சேதி வருவதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நாளைக்குப் பிறகு சொன்னால் அது வேறு மாதிரி ஆகிவிடும்.

மகனுக்கு நாற்பத்து மூன்று வயது. ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. இரும்பில் செய்த துண்டுகளை அளவுக் கருவி வைத்து அளந்து, மயிரிழை பிசகினாலும் தனியே தூக்கி வைப்பான். வீட்டிலும் அப்படித்தான். இட்லி ஒன்று சிறுத்திருந்தால் தட்டில் திருப்பிப் பார்ப்பான். அப்படிப்பட்டவன் தன் உடம்பை அளந்து பார்க்கவில்லை. தலைவலி என்றான், கண்ணாடியை மாற்றினான். காலையில் முகம் வீங்கியது, தூக்கம் போதவில்லை என்றான். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கிய பிறகுதான் போனோம். ரத்தக்கொதிப்பு எப்போதோ ஏறி, சத்தமில்லாமல் இரண்டு சிறுநீரகத்தையும் சுருக்கிவிட்டது என்றார்கள்.

என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். டாக்டர் என் வயதைக் கேட்டார், என் சர்க்கரையைப் பார்த்தார், வேண்டாம் என்றார். சோளக்காட்டில் களை எடுத்துவிட்டு வந்து அதே பொழுதில் பிள்ளை பெற்ற உடம்பு இது. மாதேஸ்வரன் மலைக்கு இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று நடந்தே ஏறிய உடம்பு. இதை ஒருவர் காகிதத்தைப் பார்த்து வேண்டாம் என்றது அன்றைக்குத்தான். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்துகொண்டேன். அழவில்லை. கூடப்பிறந்தவர்களில் பொருந்தியவனுக்கு அவனுக்கே ரத்தக்கொதிப்பு. பொருந்தாதவள் இன்றைக்கும் கொடுக்கத் தயாராக இருக்கிறாள். இறந்தவர் யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்ளப் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். கையில் இரண்டு ஊசி. ஒன்றில் ரத்தம் வெளியே போகும், இயந்திரம் அதைக் கழுவும், இன்னொன்றில் திரும்பி வரும். முதல் தடவை பார்த்தபோது அந்தக் குழாயை முந்தானையால் மூடப் போனேன். அவனுடைய ரத்தம் அவனுக்கு வெளியே, கண்ணாடி போன்ற குழாயில், எல்லோரும் பார்க்க ஓடுகிறது. பிறகு பழகிவிட்டது. பழகியது எனக்குத்தான், அவனுக்கு இல்லை.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. குளித்து முடித்து அவனை எழுப்பப் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"இன்னைக்கு நான் போகல."

"ஏண்டா சாமி, ஒடம்பு சொகமில்லியா?"

"சொகமில்லாததுக்குத்தானம்மா போறது. போயிட்டு வந்தா அன்னைக்குப் பூராப் படுக்கை. அடுத்த நாள் ஒரு மனுசன் மாதிரி இருக்கறன். அதுக்கும் அடுத்த நாள்ல இருந்து வீங்க ஆரம்பிக்குது. இதுல எந்த நாளு எனக்குன்னு சொல்லு, அதுக்காக வேணும்னா வாரேன்."

யார் என்ன கேட்டாலும் வாய் பார்த்துக்கொண்டு நிற்கிறவள் இல்லை நான். அன்று நின்றேன். மருமகள் கெஞ்சினாள், பேத்தி காலைப் பிடித்தாள், அவன் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூச்சுத் திணறி, தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டான். கண் திறந்ததும் அவன் சொன்னது, "அடுத்த தடவ நான் வேண்டாம்னா விட்டுருங்க" என்பதுதான். மருமகள் வெளியே போய் அழுதாள். நான் அவன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவன் இனி எத்தனை வெள்ளிக்கிழமைக்குச் சம்மதிப்பான் என்பது தவிர வேறு நினைப்பில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன வயது, கன்னடத்துப் பெண். பாட்டியை அஜ்ஜி என்பார். இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு ஆராய்ச்சி செய்கிறோம், சேர விருப்பமா என்று கேட்டார். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்கும் புரியும்படி சொன்னார். மூச்சு விட்டு, சோறு தின்று உயிரோடு இருப்பதே உடம்புக்குள் கொஞ்சம் துருவை உண்டாக்குமாம். நல்ல உடம்பு அந்தத் துருவைத் துடைத்துக்கொள்ளும். சிறுநீரகம் கெட்டவர்களுக்குத் துரு அதிகம், துடைக்கிற சக்தி குறைவு. அதனால் இதயமும் ரத்தக்குழாயும் சீக்கிரம் கெடுகின்றன. ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்று அதற்குப் பெயர் சொன்னார். இரும்பு துருப்பிடிப்பது மாதிரி அஜ்ஜி, நறுக்கி வைத்த ஆப்பிள் பழுப்பாகிறதே அது மாதிரி, என்றார்.

எங்கள் வீட்டில் ஆப்பிள் பழுப்பாகிற வரைக்கும் மீந்ததில்லை. எனக்கு வாழைத்தண்டு தெரியும். நறுக்கி அப்படியே வைத்தால் கறுத்துப்போகும். மோர் கலந்த தண்ணீரில் போட்டால் வெள்ளையாகவே இருக்கும். பெண்ணாகப் பிறந்த யாருக்கும் இது தெரியும்.

டாக்டரம்மா மேலே சொன்னார். வயிற்றுக்குள் கணக்கில்லாத கிருமிகள் குடியிருக்கின்றன. சிறுநீரகம் கெட்டால் அங்கே நல்லவை குறைந்து, கெட்டவை பெருகும். அவை உண்டாக்கும் நஞ்சு ரத்தத்தில் ஏறித் துருவைக் கூட்டும். அதனால் நல்ல கிருமியை உயிரோடு மாத்திரையில் அடைத்துக் கொடுத்தால் துரு குறைகிறதா என்று பார்க்கப் போகிறோம். புரோபயாடிக் என்று பெயர்.

"மோர்ல இருக்கறதுதான?" என்றேன்.

"அதுக்குச் சொந்தக்காரக் கிருமி அஜ்ஜி," என்றார்.

எனக்கு மனசுக்குள் ஒரு தெம்பு வந்தது. மோரும் வாழைத்தண்டும் ஒன்றாகப் பொருந்திவிட்டன. இது எனக்குத் தெரிந்த வித்தை.

ஆனால் பாதிப் பேருக்குத்தான் கிருமி, மீதிப் பாதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு என்றார் டாக்டரம்மா. எனக்குக் கோபம் வந்தது. நோயாளிக்கு மாவைக் கொடுப்பதா? அதைக் கேட்கலாம் என்று வாய் திறப்பதற்குள் மகன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். அந்த மழைக்காலம் பூராவும் அவன் எதற்கும் தலையைத் தூக்கியதில்லை.

"யாருக்கு எதுன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியாது. மாத்திரை கொடுக்கிற எனக்கும் தெரியாது, சாப்பிடுற உங்களுக்கும் தெரியாது. கடைசியிலதான் பிரிச்சுப் பார்ப்போம்."

"அப்படித்தான் பாக்கோணும்," என்றான். "தெரிஞ்சுதுன்னா கை தானாச் சாயும். எங்க கம்பெனியிலயும் எந்தப் பெட்டி எந்த மிசின்ல வந்ததுன்னு மறச்சு வெச்சுத்தான் அளப்பேன்."

குணமாகும் என்று சொல்லவில்லை என்பதை டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்றார். ஆராய்ச்சியில் இருக்கிற வரை டயாலிசிஸ் தவறக்கூடாது, இதுவரை எப்படிச் சாப்பிட்டாரோ அப்படியே சாப்பிடட்டும், தயிரையோ வேறு மாத்திரையையோ புதிதாகக் கூட்ட வேண்டாம். மகன் எல்லாவற்றையும் வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

அதன்பிறகு அவன் ஒரு தடவையும் தவறவில்லை. செவ்வாயும் வெள்ளியும் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டான், வேலையை விடுவதற்கு முன்னால் தொழிற்சாலைக்குப் போட்டுப்போனதைப் போலவே. பக்கத்துக் கட்டிலில் ஒரு ஆட்டோ ஓட்டுகிறவர், அவரும் இந்த ஆராய்ச்சியில் சேர்ந்தவர். இரண்டு பேரும் கிண்டல் அடித்துக்கொள்வார்கள்.

"ஏன் சார், நீங்க கிருமியா, மாவா?"

"நான் மாவுதான் போலிருக்கு. கொஞ்சம் எண்ணெய காய வெச்சீங்கன்னா பூரி போட்டுக்கலாம்."

சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. தினமும் காலையில் சாப்பாடு முடிந்ததும் டப்பாவிலிருந்து ஒரு மாத்திரை எடுத்து அவன் கையில் கொடுக்கிறவள் நான். அது கிருமியா மாவா என்று தெரியாமல் கொடுப்பது என் கையை அரித்தது.

பாலைத் தயிராக்க ஊற்றுகிற கொஞ்சம் பழைய மோரை நாங்கள் பிரை என்போம். பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள், "பிரைன்னா ஹெப்புதான அப்பத்தா? ஹெப்புன்னே எழுதட்டா?" என்று. கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நான் சொன்னதை எழுது என்கிறேன். பிரைக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்று மூக்கால் பார்த்துத் தெரியாது, நாக்கால் பார்த்தும் தெரியாது. பாலில் விட்டுப் பார்த்தால் தெரியும். உயிர் இருந்தால் விடிவதற்குள் பால் உறைந்திருக்கும். இல்லாவிட்டால் பால் பாலாகவே கிடக்கும். இதில் பொய் சொல்ல முடியாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் வீட்டில் தயிர் உறையாத காலை இருந்ததில்லை. குளிர் காலத்திலும் பானையைச் சாக்கில் சுற்றி உறைய வைத்திருக்கிறேன்.

ஒருநாள் பொழுது சாய, எல்லோரும் டிவி முன்னால் இருந்தபோது, பாலைக் காய்ச்சி விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆற்றினேன். இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றினேன். ஒன்றில் என் பிரை. இன்னொன்றில், டப்பாவிலிருந்து எடுத்த ஒரு மாத்திரையின் கூட்டைப் பிரித்து, உள்ளிருந்த வெள்ளைப் பொடியைக் கொட்டிக் கலக்கினேன். இரண்டையும் அரிசி டப்பாவுக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூடினேன். ஒரே பால், ஒரே சூடு, ஒரே இடம். மகன் தொழிற்சாலையில் என்ன செய்தானோ அதையேதான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் என் டம்ளரைச் சாய்த்தேன். தயிர் அசையவில்லை. மற்றதைச் சாய்த்தேன். ஓரத்துக்கு ஓடி வந்தது. பால்.

அதைப் பின்னால் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு அங்கேயே நின்றேன். என் மகனுக்கு மாவைக் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை பேரில் என் மகனுக்கு. அப்படியே சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், எடு அந்த டப்பாவை, மாற்றிக் கொடு என்று கேட்டிருப்பேன். அதற்காகத்தான் உள்ளே வந்தேன். அவன் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை. தேய்த்த சட்டை நாற்காலி முதுகில் தொங்கியது. மருமகளைக் கூப்பிட்டு, "இன்னைக்கு ரத்தம் எடுக்கற நாளு, அரைக்கை சட்டை எடு" என்று சொன்னான். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. மாவு என்று சொன்னால் இந்தச் சட்டை இறங்கிவிடும். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். நான் மாத்திரையை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் மாதத்துக்கு ஒருமுறை டப்பாவை வாங்கி, மீதி மாத்திரையை எண்ணுவார்கள். எனக்கு அது தெரியாது, அவன் டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுப்பது புது டப்பா வாங்கத்தான் என்று நினைத்திருந்தேன். கணக்குப் பார்க்கும் நர்ஸ் இரண்டாவது தடவை எண்ணினார். ஒன்று குறைகிறதே என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. என் மகன் என் பக்கம் திரும்பவேயில்லை.

"கை தவறிக் கீழ விழுந்துருச்சுங்க. தூக்கிப் போட்டுட்டன்," என்றான்.

அளவு பிசகினால் ஒதுக்கி வைக்கிறவன். பொய் சொன்னான். அவனுக்குத் தெரிந்துவிட்டது, எடுத்தது நான்தான் என்று. எதற்கு எடுத்தேன் என்பதும் தெரிந்திருக்கும், என் கைப் பழக்கம் தெரியாதவனா? வீட்டுக்கு வரும் வழியில் கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்றுதான் கேட்கவில்லை என நான் நினைத்தேன். அவன் கேட்காததும் நான் சொல்லாததும் அந்த வீட்டில் ஒரு ஆள் மாதிரி எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டன.

இடையில் என் தங்கை ஊரிலிருந்து வந்தாள். பையில் முழங்கை நீளத்துக்கு வாழைத்தண்டு, பொட்டலத்தில் மாதேஸ்வரன் மலைத் திருநீறு.

"கிட்னிக்கு இதாட்ட ஒண்ணு கெடையாதுக்கா. சாறு புழிஞ்சு வெறும் வயித்துல குடு."

"அவனுக்கு ஆகாது. பொட்டாசியம்."

"அதென்ன சனியன்?"

"ஒருவித உப்பு. அவன் ஒடம்புல கூடுனா நெஞ்சு நின்னுரும். கல்லு வந்தவங்களுக்குச் சொல்றத எல்லாத்துக்கும் சொல்லாத. திருநீற மட்டும் பூசு."

"அட போக்கா, மைசூருக்கு வந்து நீயும் டாக்டராயிட்ட," என்று சொல்லிவிட்டு அவளே அருவாமனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களுக்குப் பொரியல் செய்யலாம் என்று நறுக்கினோம். நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்து, துண்டுகளை மோர்த் தண்ணீரில் போட்டேன். அப்போதுதான் அவளிடம் சொன்னேன். இரண்டு டம்ளரைப் பற்றி ஒருவரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

அவள் அருவாமனையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "மாவுன்னு தெரிஞ்சுமா தெனம் அவன் கையில எடுத்துக் குடுக்கற? உனக்கு எப்படிக்கா மனசு வருது?"

"மாவத்தான் குடுக்கறன். அதச் சாப்பிடறக்குத்தான் அவன் எந்திரிக்கறான்."

"அந்த டாக்டரம்மாவப் புடிச்சு நாலு கேள்வி கேக்கோணும். எங்க பையன் என்ன எலியா, பூனையான்னு."

"மெதுவாப் பேசு. உள்ள இருக்கறான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி நறுக்கினாள். தண்ணீரில் துண்டுகள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. ஒரு தண்டுக்குச் செய்ய முடிகிறது, என் பிள்ளைக்குச் செய்ய முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, அவனுக்கு ஊசி போட்டு இயந்திரத்தில் இணைத்த பிறகு, மாத்திரை எண்ணிய அந்த நர்ஸை வராந்தாவில் பிடித்தேன். நாலு கேள்வி இல்லை, ஒன்றுதான். அந்தக் கிருமி பாலை உறைய வைக்குமா?

நர்ஸ் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "ஹெப்பு ஹாகித்ரா அஜ்ஜி?" என்றார். பிரை ஊற்றினீர்களா என்கிறார். கீழே விழுந்த மாத்திரை எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதை டாக்டரம்மாவிடம் சொல்லிக் குறித்துவைக்க வேண்டியிருக்கும் என்றார், சரி என்றேன். பிறகு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். எல்லாக் கிருமியும் பாலை உறைய வைக்காது. சில கிருமிகள் வித்து மாதிரி காய்ந்து தூங்கும், வயிற்றுக்குள் போன பிறகுதான் விழிக்கும். சிலவற்றுக்குப் பால் பிடிக்கவே பிடிக்காது. உங்கள் டம்ளரில் உறைந்திருந்தாலும் உறையாவிட்டாலும் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

"வாழத்தண்டு மோர்ல கறுக்காம இருக்குதே?"

"அது புளிப்பால அஜ்ஜி. எலுமிச்சை பிழிஞ்சாலும் கறுக்காது. கிருமிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

அதற்கு மேல் இன்னொன்றும் சொன்னார். கிருமி மாத்திரையாகவே இருந்தாலும் உங்கள் மகனுக்குத் துரு குறையும் என்று எங்களுக்குத் தெரியாது, தெரியாததால்தான் பார்க்கிறோம் என்றார். நல்ல பெண். சிரித்து என்னைச் சின்னவளாக்கவில்லை. ஆனால் நான் அந்தப் பெஞ்சிலிருந்து எழ நேரமாயிற்று. பால் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்தது என் வீட்டுப் பிரையும் என் வீட்டுப் பாலும். அதற்கு அப்பால் இவ்வளவு இருக்கிறது. போகும்போது என்னிடம் ஒரு கெட்ட பதிலாவது இருந்தது. திரும்பும்போது அதுவும் இல்லை.

அதன்பிறகும் நான் மகனிடம் இதைச் சொல்லவில்லை. உறையவில்லை என்று சொன்னால் பாதி சொன்னதாகும். உறையாததற்கு அர்த்தமில்லை என்றும் சேர்த்துச் சொன்னால், அம்மா சமாளிக்கிறாள் என்பான். நாட்கள் அப்படியே போயின. ஆட்டோ ஓட்டுகிறவர் இடையில் இறந்துபோனார். நெஞ்சுவலி. அந்தக் கட்டிலில் வேறொருவர் வந்தார். என் மகன் அன்றும் முழு நேரமும் இயந்திரத்தில் படுத்திருந்துவிட்டு வந்தான். வழியில் ஒரே ஒரு தடவை, "அவரு எதுல இருந்தாரோ" என்றான். அவ்வளவுதான்.

மாத்திரை முடிந்தது. கடைசி ரத்தமும் எடுத்துவிட்டார்கள். நாளைக்கு எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லப்போகிறார்கள். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை.

எனக்குப் பயம் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான். துரு குறைந்ததோ கூடியதோ, அது டாக்டர்களுக்கு. நாளைக்கு அவர்கள் மாவு என்று சொன்னால், மறுநாள் இவன் எழுந்திருப்பானா? எழுந்திருக்க இனி மாத்திரையும் இல்லை. அதனால்தான் இன்றைக்கு, புதன்கிழமை, அவன் மனிதன் மாதிரி இருக்கிற நாளில், பேத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். என் வாயால் அவனிடம் சொல்ல முடியாததைப் பேத்தி வாயால் படிக்கச் சொல்லி, அவன் காதில் போடலாம் என்பது என் எண்ணம். அவன் உள்ளறையில் படுத்திருக்கிறான். கதவு சாத்தித்தான் இருக்கிறது.

சாத்தியிருக்கிறது என்று நினைத்தேன். இந்த இடம்வரை சொல்லி முடித்தபோது உள்ளேயிருந்து குரல் வருகிறது.

"பாலு ஒறையலதான?"

பேத்தி பேனாவைத் தூக்கிவிட்டாள். நான் எழுது என்று கைகாட்டினேன்.

"ஒறையல," என்றேன். "உனக்கு யாரு சொன்னது?"

"யாரு சொல்லோணும்? ஒறஞ்சிருந்தா அன்னைக்கே நீ விஜயநகர் பூராத் தண்டோரா போட்டிருப்ப. எம்பட பையனுக்கு நல்ல மாத்திரைன்னு. மாத்திரை எண்ணுன மறுநாளும் ஒரு வார்த்தை பேசாம இட்லி வெச்சியே, அப்பவே தெரிஞ்சு போச்சு."

எழுபத்து நாலு வயதில் என்னை ஒருவன் அளவுக் கருவி வைத்து அளந்துவிட்டான்.

"அந்தப் பாலுக்கு அர்த்தமில்லைன்னு நர்ஸ் சொன்னாங்கடா."

"நீ சொல்லிட்டிருந்ததக் கேட்டுட்டுத்தான் இருக்கறன். அது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். இத்தன நாளா நான் மாவுன்னுதான் நெனச்சேன்."

"மாவுன்னு நெனச்சுட்டு அப்பறம் எதுக்கடா தெனம் கை நீட்டுன? எதுக்கு ஒரு தடவகூடத் தவறாமப் போன?"

கட்டில் கிறீச்சிட்டது. எழுந்து உட்காருகிறான் போல.

"மாவ யாராச்சும் ஒருத்தன் ஒழுங்காத் திங்கலீன்னா, கிருமி வேலை செஞ்சுதான்னு எத வெச்சம்மா அளப்பாங்க? கோணலா இருக்கறதக் கண்டுபுடிக்கோணும்னா நேரா இருக்கறது ஒண்ணு பக்கத்துல வேணும். அந்த நேரா இருக்கறவன் பாதியில போயிட்டான்னா அத்தனையும் வீணு. அந்த ஆட்டோக்காரரு சாகற வரைக்கும் தின்னாரு, நான் திங்கமாட்டனா?"

பேத்தி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். காகிதத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அதைப் புறங்கையால் துடைத்து எழுத்தைக் கலைத்துவிட்டாள்.

கடைசியில் கேட்டே விட்டேன். "வெள்ளிக்கிழமைக்கு?"

தெருவில் காய்கறி வண்டிக்காரர் கீரையைக் கன்னடத்தில் சொப்பு சொப்பு என்று கூவி விற்றுக்கொண்டு போனார். அவர் திருப்பம் தாண்டிய பிறகு சொன்னான்.

"வெள்ளிக்கிழமையப் பத்தி நாளைக்குப் பேசிக்கலாம்மா. நாளைக்கு அவங்க கூப்பிட்ட எடத்துக்குப் போகோணும். முழுக்கை வெள்ளைச் சட்டை தேச்சு இருக்குதான்னு அவளக் கேளு. ஆட்டோக்காரரு சம்சாரமும் வருவாங்க. அவரு எதுல இருந்தாருன்னு அந்தம்மாவுக்குச் சொல்றப்ப பக்கத்துல யாராச்சும் இருக்கோணுமல்ல."

போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறவன் முழுக்கைச் சட்டை கேட்கமாட்டான். எனக்கு இன்றைக்கு இவ்வளவு போதும். வெள்ளிக்கிழமை விடியட்டும், எழுப்பப் போகிறவள் நான்தான்.

நிறுத்து சாமி, போதும். கண்ணைத் துடைத்துக்கொள். இனி அந்தக் கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு வா. எங்கே, என் வயதைச் சொன்னேனே, அங்கிருந்து எடுத்து, உன் அப்பனுக்குக் கேட்கிற மாதிரி, நிதானமாகப் படி பார்க்கலாம்.